ஏழு மணிப் பூட்டு

மார்ச் 4, திங்கள்

இன்று காலை ஒன்பது மணிக்கு நெட் நின்றபோது வீட்டில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர் பொன்னையா, முன்னறையில் பேப்பரோடு. மகள் பியூலா, பின்னறையில் லேப்டாப்போடு. வேறு யாரும் இல்லை. பால்காரர் வந்து போய் நேரமாகிவிட்டது. மகன் ஜெபசிங் கத்தாரில் இருக்கிறான், அவன் இந்தக் கணக்கில் வரமாட்டான்.

யார் யார் ஆஜர் என்று முதலில் எழுதாவிட்டால் எனக்கு அடுத்த வரி ஓடாது. சபையில் பெண்கள் சங்கத்துக்கு வருஷக்கணக்காகக் கூட்டக் குறிப்பு எழுதி வந்த பழக்கம். எட்டாம் வகுப்போடு நின்றவளை எழுத வைத்தது வேதமும் அந்தக் குறிப்பும்தான்.

நெட் நின்றது என்று எழுதியதும் சரியில்லை. என் போனில் வருகிறது. இவர் போனில் வருகிறது. யாரோ இரண்டு பேர் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் வீடியோ காலையிலிருந்து ஓடுகிறது. பியூலாவின் லேப்டாப்பில் மட்டும் வரவில்லை. எங்கள் வைஃபை பெயர் திரையில் தெரிகிறது. தொட்டால் ஒரு வட்டம் சுற்றுகிறது. சுற்றி முடித்துவிட்டு, இணைக்க முடியவில்லை என்கிறது. அணைத்துப் போட்டாள். பாஸ்வேர்டை அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள். வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி மாட்டினாள். அதே வட்டம்.

"அப்பா, கொஞ்ச நேரம் அந்த வீடியோவ நிறுத்துங்களேன். லோடு அதிகமா இருக்கோ என்னமோ."

"நான் பாக்கதுனால உனக்கு எப்படிம்மா நிக்கும்? இது என்ன, தண்ணிக் குழாயா?" என்றார். நிறுத்தவில்லை.

எனக்கு வந்த கோபத்தைத் தேங்காய்மேல் காட்டினேன். மூன்று துண்டாக உடைந்தது.

பியூலாவின் வேலையைப் பற்றி இங்கே எழுதி வைக்கிறேன். வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு, டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். கம்பெனி சென்னையில். லேப்டாப் கம்பெனி கொடுத்தது. நோயாளிகளின் அந்தரங்கம் என்பதால் அவர்களிடம் பதிவு செய்த வீட்டு இணைப்பில்தான் வேலை நடக்க வேண்டும். போனிலிருந்து நெட் எடுத்துச் செய்தால் ஆளையே எடுத்துவிடுவார்கள். மூன்று மாதம் வைத்துப் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்கள். அந்த மூன்று மாதம் வரும் பதினைந்தாம் தேதியோடு முடிகிறது.

நிரந்தரம் ஆனால் அவள் பாளையங்கோட்டையில் எங்களோடு இருக்கலாம். ஆகாவிட்டால் தூத்துக்குடிக்கு, அவள் புருஷன் எட்வின் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜெபசிங் எல்லோரையும் போனில் வைத்துக்கொண்டு பேசி முடித்த ஏற்பாடு இது. இவர் தலையாட்டினார். நான் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

பியூலா ஹெட்போனை வலது காதில் மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள். இடது காது சரியில்லை. அக்டோபரில் அங்கே குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள்.

மார்ச் 5, செவ்வாய்

காலையில் உளுந்து ஊறப் போட்டுவிட்டு நெட் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல், தமிழுக்கு ஒன்றை அமுக்கச் சொன்னது. அமுக்கினேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்றது. பிறகு பாட்டு. பிறகு மறுபடியும், மிக முக்கியம். உளுந்து ஊறி, அரைத்து, கிரைண்டரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அதுவரை நாங்கள் மிக முக்கியமாகவே இருந்தோம். கடைசியில் ஓர் ஆண் வந்து, "போன்ல நெட் வருதில்லா மேடம், அப்போ லைன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டான். லெந்து என்னும் தவக்கால நாட்களில் கடுஞ்சொல் பேசுவதில்லை என்று தீர்மானம் எடுத்திருக்கிறேன். அதனால் அவனை இங்கேயும் ஒன்றும் எழுதவில்லை.

பியூலாவின் மேலாளர் அம்மாள் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். லீவாகப் போட்டுக்கொள்ளலாமாம், ஆனால் வைத்துப் பார்க்கும் இந்த மூன்று மாதத்தில் லீவு எடுத்தால் கணக்கில் கறுப்புப் புள்ளிதானாம்.

சாயந்தரம் ஜெபசிங் பேசினான். லேப்டாப் விஷயத்தைச் சொன்னேன். பெட்டியும் அவன் போன லீவில் வாங்கி மாட்டிவிட்டுப் போனதுதான், அவனுக்குத் தெரியாததா.

"பழைய லேப்டாப்பாம்மா இருக்கும். கம்பெனிக்காரன் குப்பையத்தான் குடுப்பான்."

"நீ அங்கருந்து ஏதும் பாக்க முடியுமாய்யா?"

"நான் எங்கம்மா பாக்க? இங்க எனக்கு மூச்சு விட நேரமில்ல." பிறகு கேட்டான், "அப்போ அவ இன்னைக்கும் வேலை செய்யலையா?"

"இல்ல."

"நேத்தும் இல்லையா?"

"இல்லைங்கேன்."

"சரி, நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்று வைத்தான். தங்கை மேல் இருக்கிற அக்கறை.

ஏழு மணிக்கு குடும்ப ஜெபம். எங்கள் வீட்டில் ஏழு அடித்ததும் நெட் தானாக நின்றுவிடும், எட்டுக்குத் தானாக வரும். இது என் யோசனை. லெந்து தொடங்கிய அன்று ஜெபசிங்கிடம் சொன்னேன், ஜெப நேரத்திலும் உன் அப்பா போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறார், ஒரு வழி செய் என்று. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த எழுத்துகளை நான்தான் ஒவ்வொன்றாக வாசித்துக் கொடுத்தேன். அவன் கத்தாரில் தன் போனிலேயே ஏதோ ஒரு ஆப்பில் போட்டு, அங்கிருந்தே பூட்டுகிறான். சங்கத்தில் இதைச் சாட்சியாகவே சொன்னேன், தூர தேசத்தில் இருந்தும் வீட்டு ஜெபத்தைக் காக்கிற மகன் என்று. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

மார்ச் 6, புதன்

இன்று நெட் ஆபீஸிலிருந்து இசக்கிமுத்து வந்தான். கேபிள் இழுத்த நாளிலிருந்தே பழக்கம். ஆஜர்: நான், பியூலா, இசக்கிமுத்து. இவர் பென்ஷன் ஆபீஸுக்குப் போயிருந்தார்.

வந்ததும் பெட்டியைப் பார்த்தான். நான் குரோஷா ஊசியில் பின்னிய உறையை அதற்குப் போட்டு வைத்திருக்கிறேன். தூசி படக்கூடாது என்று டிவிக்கும் போட்டிருக்கிறேன், மிக்ஸிக்கும் போட்டிருக்கிறேன்.

"என்னக்கா, பெட்டிக்குச் சட்டையெல்லாம் போட்டு விட்டிருக்கீங்க? வேர்க்காது?"

"நான் பின்னிப் போட்ட நாள்லருந்து அது சட்டை போட்டுத்தான் இருக்கு. அப்போல்லாம் வந்த நெட்டு திங்கக்கிழமைதான் வெக்கப்பட்டு நின்னுச்சோ?"

சிரித்துக்கொண்டே உறையைக் கழற்றினான். லேப்டாப்பில் வட்டம் சுற்றியது, நின்றது. தன் போனைப் போட்டுப் பார்த்தான், உடனே வந்தது. "லைன் சூப்பர், பெட்டி சூப்பர். கோளாறு லேப்டாப்லதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். கோளாறு யார் வீட்டில் என்று சொல்லிவிட்டால் இவர்கள் வேலை முடிந்தது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது அடுத்தவன் வேலை.

பியூலா கம்பெனிக்குக் கூப்பிட்டாள். அங்கிருந்து ஒரு பையன் அரைமணி நேரம் இதை அமுக்கு, அதை அமுக்கு என்று சொன்னான். கடைசியில், "உங்க வீட்டு நெட்லதான் கோளாறு" என்றான்.

பியூலா சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரிக்கிறாள், அது இதற்காகவா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. உறையைத் துவைத்துக் காயப் போட்டேன்.

மார்ச் 7, வியாழன்

சிலிண்டர் மாற்றினேன். வட்டம் சுற்றுகிறது. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

மார்ச் 8, வெள்ளி

உபவாசம். மதியம் மூன்று மணி ஆராதனைக்கு முன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கத்துக் கடைக்கு நானும் பியூலாவும் ஆட்டோவில் போனோம். ஏறும்போதே, "அம்மா, நீ இந்தப் பக்கம் வா" என்று என்னை வலது பக்கம் உட்கார வைத்தாள். ஆட்டோ சத்தத்தில் இடது பக்கம் இருந்து பேசினால் அவளுக்கு வாய் அசைவது மட்டும்தான் தெரியும். விழுந்ததில் காதில் நீர் கோர்த்திருக்கிறது என்றுதான் கேட்பவர்களிடம் சொல்லி வருகிறேன். நீர் கோர்த்த காது ஐந்து மாதமாகவா வற்றாமல் இருக்கும். இதை எழுதிவிட்டு யோசிக்கிறேன், எழுதினது இருக்கட்டும்.

கடைக்காரர் வயதானவர், வாயில் வெற்றிலை. லேப்டாப்பைத் திறந்தார், தன் கடை வைஃபையைத் தொட்டார். வட்டம் முழுதாகக்கூடச் சுற்றவில்லை, வந்துவிட்டது.

"என்னம்மா கம்ப்ளெய்ன்ட்டு?"

"எங்க வீட்டுல வராது."

"அப்போ வீட்டைத்தான் பழுது பாக்கணும்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். காசு வேண்டாம் என்றுவிட்டார். வெளியே வந்ததும் பியூலா ஓர் ஓரமாக நின்று, "இங்கயே ஒரு பெஞ்சு போட்டு உக்காந்து அடிச்சிரட்டுமாம்மா?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"இதுக்கெல்லாமாட்டி அழுவாங்க? மெஷின் கோளாறு."

"வேலை போச்சுன்னா நான் போகணும்லா. அண்ணன் சொல்லிட்டான், அப்பா தலையாட்டிட்டாங்க. நீயும்தான் இருந்தே."

நானும்தான் இருந்தேன். அன்றைய ஆஜர் கணக்கில் என் பெயர் இருக்கிறது.

ஆராதனை முடிந்து வாசலில் மூன்று பேர் கேட்டார்கள், பியூலா எப்போ ஊருக்குப் போறா என்று. மூன்று பேருக்கும் ஒரே பதில் சொன்னேன், காது சரியானதும். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. அந்த அம்மாள் பயந்துபோய் என் ரத்த அழுத்தத்தைப் பற்றி விசாரித்தார்.

ஜெபத்துக்குப் பிறகு ஜெபசிங் கூப்பிட்டான். அவனே கேட்டான், "இன்னமும் கனெக்ட் ஆகலையா?" கடையில் வந்ததைச் சொன்னேன். உடனே, "அப்பாகிட்ட குடுங்க" என்றான். இவர் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். வந்து, "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வாரார், பேசித் தீத்துக்கிடலாம்" என்றார். எதைப் பேசி, எதைத் தீர்ப்பது என்று கேட்டேன். போன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 9, சனி

இன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

காலையில் நெட் ஆபீஸுக்கே போய்விட்டேன். கவுன்டரில் இருந்த பெண் டோக்கன் எடுக்கச் சொன்னாள். "டோக்கன் எடுக்க வரல, இசக்கிமுத்துவ எடுக்க வந்திருக்கேன்" என்றேன். அவன் இட்லிப் பொட்டலத்தோடு உள்ளே இருந்து எட்டிப் பார்த்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு இட்லி இறங்கவில்லை.

வீட்டில் ஆஜர்: நான், பியூலா, இசக்கிமுத்து. இவர் முன்னறையில்.

இசக்கிமுத்து இந்தத் தடவை ஆபீஸ் லேப்டாப்பை எடுத்து வந்திருந்தான். எங்கள் வைஃபையில் போட்டான். உடனே வந்தது. பியூலாவின் லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துப் போட்டான். வட்டம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பெட்டியின் உள்பக்கத்தைத் திறக்கிறேன் என்று ஏதோ அடித்தான். பாஸ்வேர்ட் கேட்டது. பெட்டியின் அடியில் இருந்ததை அடித்தான். தப்பு என்றது.

"யக்கா, உள் பாஸ்வேர்ட மாத்துனது யாரு?"

"அப்படி ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாது."

"யாரோ மாத்திருக்காங்க. சொல்லுதேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்த லேப்டாப்ப மட்டும் உள்ள விடாதேன்னு பெட்டிகிட்ட சொல்லி வைக்கலாம். அப்படிச் சொல்லி வச்சா இப்படித்தான் சுத்தும். நிஜமா அதுதானான்னு பாக்க சாவி வேணும். சாவி யார்கிட்ட இருக்கோ அவங்களக் கேளுங்க."

சாவி யாரிடம் இருக்கிறது என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சபைக்கே தெரியும். நானே எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறேன்.

பியூலா கட்டிலில் உட்கார்ந்தாள். நான் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் போன் போட்டேன்.

"ஏலே, அவ லேப்டாப்ப நீயா நிறுத்துனே?"

"யாரும்மா சொன்னா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன். பதினஞ்சாம் தேதி வேலை கன்ஃபார்ம் ஆயிட்டுன்னா அப்புறம் அவ யார் பேச்சையும் கேக்க மாட்டா. மச்சான் ஒவ்வொரு வாரமும் எனக்குப் போன் பண்ணி அழுதாரு. ஆளே உடைஞ்சு போயிட்டாரு. ரெண்டு மூணு நாள் வேலை தடைபட்டா அவளா இறங்கி வருவான்னு நினைச்சேன்."

"நான் ஜெபத்துக்குக் குடுத்த சாவி அது."

"அம்மா, நீங்க உணர்ச்சிவசப்படாதீங்க. ஒரே ஒரு அடி. அதுக்காக ஒரு பொம்பள அஞ்சு மாசம் அம்மா வீட்டுல வந்து உக்காந்திருப்பாளா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

அவனிடம் நான் சொல்லியிருந்தது, குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று. இவரிடமும் அதேதான். சபையிலும் அதேதான். பியூலா அக்டோபரில் வந்து இறங்கிய அன்று என்னிடம் சொன்னதை நான் இந்த நோட்டில்கூட எழுதவில்லை. அடி என்ற சொல்லை நாங்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு சொன்னதில்லை. இவன் சொல்கிறான், எண்ணிக்கையோடு.

வெளியே வந்து இசக்கிமுத்துவிடம், சாவி கத்தாரில் மகனிடம் இருக்கிறது, ஏழு மணிப் பூட்டும் அவன் போட்டதுதான் என்று சொல்லி, சாவி இல்லாமல் திறக்க வழி உண்டா என்று கேட்டேன்.

"பின்னாடி குண்டூசி போற மாதிரி ஒரு ஓட்டை இருக்கு. அத அமுக்கிப் பிடிச்சா எல்லாம் அழிஞ்சு புதுசா ஆயிரும். உங்க லைன் நம்பர நான் திருப்பிப் போட்டுத் தாரேன். ஆனா மகன் போட்டு வச்ச எல்லாம் போயிரும், ஏழு மணிப் பூட்டு எல்லாம். நீங்க சொந்தமா வாங்குன பெட்டி, நான் அமுக்கக் கூடாது. நாளைக்கு அவரு கத்தாருல இருந்து என்னத் திட்டுவாரு."

சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன். முந்தானை சரிந்தது, இழுத்துச் செருகிக்கொண்டேன். ஊக்கை நிமிர்த்தி அந்த ஓட்டையில் விட்டு அமுக்கினேன். பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்தன. இசக்கிமுத்து போதும் என்றான். நான் இன்னும் கொஞ்சம் அமுக்கினேன்.

புதுப் பாஸ்வேர்ட் இரண்டையும் நானே அடித்தேன். ஒருத்தருக்கும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதவில்லை. பியூலாவின் லேப்டாப்பில் மட்டும் என் கையால் போட்டுக் கொடுத்தேன். வட்டம் ஒரு சுற்று சுற்றியது. வந்துவிட்டது.

"அம்மா" என்றாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இவர் முன்னறையிலிருந்து, "என் போன்ல நெட் போயிட்டு" என்றார்.

"ஆமா" என்றேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஓய்வுநாளில் இந்த வீட்டில் அரிசிகூடப் புடைத்ததில்லை. ஆனால் பியூலாவுக்கு ஐந்து நாள் வேலை குவிந்து கிடக்கிறது. காலை ஆராதனை முடிந்து வந்ததும், "உக்காந்து அடி" என்று நானே சொன்னேன். பாவமென்றால் என் கணக்கில் எழுதப்படட்டும்.

பதினொரு மணிக்கு எட்வின் வந்தான். இதுவரை இந்த நோட்டில் அவனை வந்தார், போனார் என்றுதான் எழுதியிருக்கிறேன். இன்று கை வரவில்லை.

ஆஜர்: நான், இவர், பியூலா, எட்வின்.

தூத்துக்குடி மக்ரூன் இரண்டு டப்பா. வெள்ளைச் சட்டை. குரல் எப்போதும்போல மெத்தென்று இருந்தது. "அத்தை, நல்லா இருக்கீங்களா? மாமா, சுகர் எப்படி இருக்கு?" என்று ஒவ்வொருவராக விசாரித்தான். இவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஜெபசிங் எல்லாம் பேசிவிட்டதாகவும், வண்டி வெளியே நிற்பதாகவும், பியூலா துணிமணி எடுத்து வைத்தால் வெயில் ஏறுமுன் கிளம்பலாம் என்றும் சொன்னான். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான். பின்னறைக் கதவு திறந்தே இருந்தது.

பியூலா சுவரைப் பார்த்து உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். ஹெட்போன் வலது காதில். இடது காது எங்கள் பக்கம், ஒன்றும் மாட்டாமல்.

"பியூலா" என்றான் வாசற்படியில் நின்று.

அவள் அடித்துக்கொண்டிருந்தாள்.

"பியூலா, நான்தான்."

அவள் விரல் நிற்கவில்லை. இவரும் எழுந்து வந்து நின்றார். எட்வின் உள்ளே போய், அவள் இடது தோளுக்கு ஒரு சாண் தள்ளி நின்று, நன்றாகவே சத்தமாகக் கூப்பிட்டான். தெருவில் போகிறவருக்குக்கூடக் கேட்டிருக்கும். அவள் திரையைப் பார்த்தபடி ஒரு சொல்லை அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு எட்வினிடம் கேட்டார், அவருக்கு உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"மாப்பிள்ளை, பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுக்கா இவ்வளவு கேக்காமப் போயிட்டு?"

எட்வின் திரும்பினான். "பாத்ரூம்லயா? யாரு மாமா விழுந்தா?"

நாங்கள் கட்டிய கதையை அவனிடம் சொல்லி வைக்க எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

முப்பத்துநான்கு வருஷக் குடும்பத்தில் இவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. எட்வினுக்கு அப்போதுதான் புரிந்தது. "இல்ல மாமா, அன்னைக்கு ஒரு வாக்குவாதத்துல, கை தவறி..." என்று ஆரம்பித்தான். இவர் முன்னறைக்குப் போய் மக்ரூன் டப்பாக்கள் இரண்டையும் எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார்.

"கிளம்புங்க மாப்பிள்ளை. வெயில் ஏறிட்டு."

"மாமா, ஜெபசிங் மச்சான் என்கிட்ட..."

"ஜெபசிங் இந்த வீட்டுல இல்ல. நான் இருக்கேன்."

வண்டி கிளம்பும் சத்தத்துக்கும் பியூலா திரும்பவில்லை. மதியம் சாப்பிட வந்தபோதுதான், "யாரும் வந்தாங்களா, நாற்காலி இடம் மாறியிருக்கு?" என்று கேட்டாள். இவர் அவளுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்து சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், தான் கிறிஸ்துமஸில் தலையாட்டியது உட்பட. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

எனக்கு அப்போதும் கோபம் தணியவில்லை. இவர் மேலும்தான். என் மேலும்தான்.

மார்ச் 11, திங்கள்

ஜெபசிங்கிடமிருந்து செய்தி: "அம்மா, ஆப்ல நம்ம வீட்டுப் பெட்டி காட்டல. புது பாஸ்வேர்ட் அனுப்புங்க." பதில் போடவில்லை.

ஏழு மணிக்கு நெட் நிற்கவில்லை, நிறுத்த ஆளில்லை. இவர் தானாகவே எழுந்து போய்ப் பெரிய தூக்குச்சட்டியை எடுத்து வந்து தன் போனை உள்ளே போட்டார். நானும் போட்டேன், பியூலாவும் போட்டாள். மூடி போட்டு மூடினோம். பாதி ஜெபத்தில் சட்டிக்குள் ஏதோ அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 13, புதன்

காது டாக்டரிடம் போனோம். நானும் இவரும் பியூலாவும். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டபோது பியூலா வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். சவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்து பார்க்கலாம், முழுதாக வருமென்று சொல்ல முடியாது என்றார். முன்பே கொண்டுவந்திருக்கலாமே என்றார். முட்டைக்கோஸ் வாங்கி வந்தோம்.

மார்ச் 15, வெள்ளி

சாயந்தரம் மேலாளர் அம்மாள் கூப்பிட்டார். பியூலா ஸ்பீக்கரில் போட்டாள். வேலை சுத்தமாக இருக்கிறதாம், தப்பே இல்லையாம். ஆனால் ஐந்து நாள் வராததால் இப்போது நிரந்தரம் செய்ய முடியாதாம், இன்னும் ஒரு மாதம் பார்ப்பார்களாம். "சரி மேடம்" என்றாள் பியூலா. வைத்துவிட்டு அடுத்த பதிவைத் திறந்தாள்.

இவர் சொன்னார், "ஒரு மாசம் என்ன, ஒரு வருஷம் பாக்கட்டும். இவ எங்கயும் போகல."

நான் ஜெபசிங்குக்கு எழுதினேன். போனில் அனுப்புமுன் இங்கே முழுதும் பிரதி எடுத்துக்கொள்கிறேன்.

"ஜெபசிங்குக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். நீ கேட்ட பாஸ்வேர்டைத் தரமாட்டேன். ஜெபத்துக்கென்று வாங்கிக்கொண்டு நீ அதை வேறு காரியத்துக்கு வைத்துக்கொண்டாய். உன் தங்கைக்கு வேலை ஒரு மாதம் தள்ளிப் போயிருக்கிறது. அவளுக்கு இடது காது கேட்காது, டாக்டர் சீட்டு இருக்கிறது. உன் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். மாப்பிள்ளை இனி உனக்குப் போன் செய்து அழுதால் எங்கள் நம்பரைக் கொடு.

அவள் வழுக்கி விழுந்தாள் என்று உன்னிடம் சொன்னவள் நான். அது பொய். ஒரே ஒரு அடி என்று என்னிடம் சொன்னவன் நீ. அப்படியானால் அது உனக்கு முன்பே தெரியும். எந்தத் தேதியில் தெரியும்? கிறிஸ்துமஸில் எல்லோரையும் வைத்து, வேலை போனால் அவள் திரும்பிப் போக வேண்டும் என்று பேசி முடித்தாயே, அன்றைக்குத் தெரியுமா? நான்காம் தேதி காலையில் அவளை நிறுத்தினாயே, அப்போதாவது தெரியுமா? தெரியாமல் செய்தாய் என்றால் உனக்காக நான் ஒரு விதமாக ஜெபிக்க வேண்டும். தெரிந்தே செய்தாய் என்றால் வேறு விதமாக ஜெபிக்க வேண்டும். எதுவென்று தெரியாமல் ஒரு வாரமாக உன் பெயர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறேன்.

நல்லதுக்குத்தான் என்று எழுதாதே. தேதி மட்டும் எழுது. பதில் சீக்கிரம் அனுப்பு."